முறுக்காமல் விட்ட ஸ்க்ரூ

பீளமேடு,
9.6.2024

அன்புள்ள மச்சான் திருமூர்த்தி அவர்களுக்கு,

சென்னியப்பன் வணக்கம். இங்கே நானும் மனைவியும் மகளும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. நலமாக இருக்க வேண்டும்.

இருபத்தொரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் திகைப்பாக இருக்கும். அம்மா தவறியபோது துக்கம் கேட்டு நீங்கள் போட்ட கார்டில் உங்கள் கடையின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. அந்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன்.

அன்னூர்த் தோட்டத்துக் கொட்டகையைப் போன மாதம் பிரித்தோம். டீசல் ஜீப் இன்னும் அங்கேதான் நின்றது. அக்கா, "ஆக்கர் கடைக்குப் பழைய இரும்பாப் போட்டுரு தம்பி, கண்ணுல படவேண்டாம்" என்றாள். எனக்கு மனது வரவில்லை. லாரியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சனி, ஞாயிறுகளில் நானே வேலை பார்க்கிறேன். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. வெட்டி எடுத்துப் புதிது வைத்துப் பற்றவைத்தாயிற்று. டேங்கைக் கழற்றிக் கழுவினேன். என்ஜின் தடையில்லாமல் சுற்றுகிறது. ஆனால் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் டீசல் பம்ப்புக்கு ஏறவில்லை. இத்தனை வருடம் காய்ந்து கிடந்த குழாய்களில் காற்றுதான் நிறைந்திருக்கும். ஏர் எடுக்க வேண்டும் என்று தெரிகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. அந்த வண்டியை உங்களைவிட அறிந்தவர் யாருமில்லை.

பதில் எழுதாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சென்னியப்பன்


அந்தியூர்,
21.6.2024

அன்புள்ள மாப்பிள்ளை சென்னியப்பன் அவர்களுக்கு,

குருநாதசாமி புண்ணியத்தில் நான் நலம். காதுதான் மந்தமாகிவிட்டது, வலது காதில் சுத்தமாக இல்லை. என்னிடம் இருப்பது பட்டன் போன். பேசுகிறவர் கத்த வேண்டும். எனவே நீங்கள் எழுதியதே நல்லது. உங்களுக்கு மகள் இருப்பது இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. குழந்தைக்கு என் ஆசி.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டேங்க்கில் பத்து லிட்டராவது இருக்கட்டும். ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை இரண்டு சுற்று தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். பிறகு ஃபீட் பம்ப்பின் மேல் உள்ள கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் வராது. கை வலிக்கும்போது நுரை வரும். நுரை நின்று டீசல் கண்ணாடிபோல வரும் வரை விடாதீர்கள். வந்ததும், அழுத்துவதை நிறுத்தாமலே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அடுத்தது பெரிய பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ, அதே மாதிரி. கடைசியாக நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துப்பியதும் ஒவ்வொன்றாக இறுக்கிவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் இன்னொரு தரம் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். இதை மட்டும் மறக்கக் கூடாது.

புவனா நலமா? கேட்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
திருமூர்த்தி


பீளமேடு,
8.7.2024

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். ஒரு வாரமாக மழைக்காற்று. மகளுக்குச் சளி, வேறொன்றும் இல்லை. உங்கள் காதுக்கு நல்ல டாக்டராகப் பார்த்தீர்களா?

நீங்கள் எழுதியபடியே செய்தேன். அரை மணி நேரம் அழுத்தியும் நுரை நிற்கவில்லை. டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்குமோ என்று சந்தேகம். இன்னொன்று, ஃபில்டர் ஸ்க்ரூவின் தலை மழுங்கிக் கிடக்கிறது. ஸ்பேனர் வழுக்குகிறது. யார் கை பட்டதோ. புதிது வாங்கிப் போட்டுவிட்டேன்.

அக்கா நலம். பள்ளியில் தலைமையாசிரியை ஆகிவிட்டாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். தோட்டத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். இங்கே வரச் சொன்னால் வருவதில்லை.

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

சென்னியப்பன்


அந்தியூர்,
19.7.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். மகளின் சளிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே இப்போதே தேர்த் திருவிழாப் பேச்சுதான். குதிரை வியாபாரிகள் வந்து இடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ரப்பர் குழாய் முழுவதையும் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு போதும். டீசல் கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும்.

ஸ்க்ரூவின் தலையை மழுக்கியது யாரோ என்று எழுதியிருந்தீர்கள். என் கைதான் மாப்பிள்ளை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களே அந்த வண்டியைப் பிரித்து உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலை புவனாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு கோயமுத்தூருக்குக் கிளம்பினோமே, கோவில்பாளையம் வருவதற்குள் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கினேன். ஃபில்டரின் தலையெல்லாம் டீசல் கசிந்து ஈரம். விரலை வைத்தால் ஸ்க்ரூ விரலோடு சுற்றியது. நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஃபில்டரை மாற்றி ஏர் எடுத்தவன் நான். இறுக்காமல் விட்டவன் வேறு யாராக இருக்க முடியும்? ஊரில் பாதி டீசல் வண்டி என் பட்டறைக்குத்தான் வரும். உங்கள் வீட்டோடு இருந்த நான், வீட்டு வண்டியில் ஒரு ஸ்க்ரூவை மறந்துவிட்டேன்.

அவசரத்தில் ஸ்பேனர் வழுக்கி வழுக்கித் தலை மழுங்கியது. ஏர் எடுப்பதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. பால் வண்டிக்காரர்கள் வந்து தள்ளிவிட்டு, வண்டி கிளம்பும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. புவனா உங்கள் அம்மாவின் மடியில் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தன நேரமுங்க?" என்று இரண்டே தரம் கேட்டாள். அரை மணி முன்னால் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது உங்களுக்கும் தெரியும்.

எல்லோரிடமும் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்றே சொன்னேன். புவனாவிடமும் அதே பொய்தான். "வண்டிய வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவன் பொண்ண எங்க காப்பாத்தப் போறான்" என்று உங்கள் அம்மா பேசியபோது எனக்குக் கோபமே வரவில்லை. சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று இருந்தது. அதனால்தான் கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வண்டி வேலையைத் தொடுவதில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். அதில் தப்பு செய்தால் மோட்டார்தான் புகையும்.

எனக்கு ஒரு உதவி. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. புவனாவிடம் நீங்கள் சொல்லிவிட முடியுமா? ஃபில்டர் இல்லை, நான் ஸ்க்ரூவை முறுக்காமல் விட்டதுதான் என்று. மறைத்ததற்குத்தான் இத்தனை வருடம் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று.

உங்கள்,
திருமூர்த்தி


பீளமேடு,
12.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இத்தனை நாள் தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கம்பெனியில் ஆடிட் இருந்தது. பிறகு எனக்குக் காய்ச்சல். திருவிழா நன்றாக நடந்ததா?

ரப்பர் குழாய்களை மாற்றினேன். நுரை நின்றது. நீங்கள் சொன்ன மாதிரியே டீசல் கண்ணாடிபோல வந்தது. போன ஞாயிறு காலை என் மனைவி செல்ஃப் அடித்தாள். முதலில் வெள்ளைப் புகை. பிறகு ஒரு சிலிண்டர், இரண்டு, நான்கும் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து நின்று பார்த்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் உடனே அணைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டுக்கொண்டதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

சென்னியப்பன்


அந்தியூர்,
19.9.2024

என் அன்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் காய்ச்சல் முழுக்கத் தேறிவிட்டதா? வெந்நீர் குடியுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடிதத்தைக் கடை வாசலிலேயே நின்று படித்தேன். வண்டி கிளம்பியதில் சந்தோஷம்தான். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தலையை ஆட்டினாள் என்றால் எப்படி? சரி என்பதுபோலவா, போகட்டும் என்பதுபோலவா? அப்போது நின்றுகொண்டிருந்தாளா, உட்கார்ந்திருந்தாளா? பள்ளியிலிருந்து வந்த நேரமா? பைத்தியக்காரன் மாதிரிக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அன்று படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன். அப்படித் தூங்கி எவ்வளவோ காலம் ஆகிறது.

நீங்கள் செய்தது சாதாரண உதவி இல்லை. கூடப் பிறந்தவன்கூட இந்தப் பாரத்தைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டான்.

தீபாவளிக்குப் புவனாவுக்கு ஒரு கார்டு போடலாம் என்று இருக்கிறேன். அவளுக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே. 'மாப்பிள்ளை சொன்னதெல்லாம் உண்மை' என்று ஒரு வரி மட்டும் எழுதுவேன். போடலாமா? நீங்கள் சரி என்றால்தான் போடுவேன்.

நன்றியுடன்,
திருமூர்த்தி


பீளமேடு,
29.9.2024

மச்சானுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க முடியாத நிலையில் எழுதுகிறேன். அந்தக் கார்டைப் போட்டுவிடாதீர்கள். நான் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டவில்லை. உங்களிடம் பொய் எழுதினேன்.

அந்த ஸ்க்ரூவை நீங்கள் இறுக்கித்தான் விட்டிருந்தீர்கள். அதைத் தளர்த்தியது நான்.

அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை, நீங்கள் பட்டறையில் இருந்தீர்கள். அப்பாவும் அம்மாவும் அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இருபது வயது. கேட்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு காலேஜ் சிநேகிதர்கள் மூன்று பேரோடு பவானிசாகர் அணைக்குப் போனேன். திரும்பும்போது புளியம்பட்டிக்கு இந்தப் பக்கம் டீசல் தீர்ந்து வண்டி நின்றது. கேனில் வாங்கிவந்து ஊற்றினோம். கிளம்பவில்லை. உங்கள் பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன் அல்லவா, அந்தத் தைரியத்தில் ஏர் எடுக்கப் பார்த்தேன். வண்டியில் ஸ்பேனர் இல்லை. சைக்கிள் கடையில் ஒரு கட்டிங் பிளேயர் வாங்கி ஸ்க்ரூவைத் திருகினேன். தலையை மழுக்கியது நான்தான், நீங்கள் இல்லை. டீசல் வந்தது, நுரையோடுதான். அது போதும் என்று நினைத்தேன். இறுக்கும்போது பிளேயர் பிடிக்கவில்லை. விரலால் முறுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் ஸ்பேனரில் இறுக்கிக்கொள்ளலாம் என்று ஓட்டிவந்தேன். கொட்டகையில் நிறுத்தும்போது அப்பாவும் அம்மாவும் பஸ் இறங்கி நடந்து வருவது தெரிந்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை நீங்கள் என்னை எழுப்பி, "மாப்ள, கேட்டத் தெறந்து உடுங்க" என்றீர்கள். திறந்துவிட்டேன். ஸ்க்ரூ ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. சொன்னால் ஜீப்பை எடுத்தது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். நேற்று ஓடியது, இன்றும் ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவின் அடிக்குப் பயந்தேன் மச்சான், வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு நிமிடத்தில் இறுக்கியிருப்பீர்கள்.

குழந்தை போன பிறகு, சொல்ல முடியாத விஷயமாகிவிட்டது அது. அப்பா இருக்கும்வரை அப்பா என்று தள்ளினேன். பிறகு அம்மா. இப்போது தள்ள யாரும் இல்லை.

நீங்கள் உங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தீர்கள் என்று உங்கள் ஜூலைக் கடிதம் வரும்வரை சத்தியமாக எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொன்ன பழியை மட்டும் சுமக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அதையே என்னால் தாங்க முடியவில்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

சென்னியப்பன்


பீளமேடு,
5.11.2024

மச்சானுக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலம் தெரியாமல் கவலையாக இருக்கிறது. என் கடிதம் கிடைத்ததா? தீபாவளி போய்விட்டது. அக்காவுக்கும் கார்டு வரவில்லை, எனக்கும் எதுவும் வரவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

சென்னியப்பன்


அந்தியூர்,
1.12.2024

சென்னியப்பனுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முதல் கடிதம் வந்தபோது ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். பாதி படித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அந்தக் காயிலைக் கட்டி முடித்தேன். மீதியை வீட்டுக்கு வந்து படித்தேன். மூன்று நாள் கடை திறக்கவில்லை.

ஏர் எடுப்பதற்கெல்லாம் இப்போது செல்போனிலேயே படம் காட்டுகிறார்கள் என்று பக்கத்துக் கடை வம்சி சொன்னான். நீங்கள் என்னிடம் ஏன் கேட்டீர்கள் என்று ஜூன் மாதக் கடிதத்திலேயே ஒரு யோசனை வந்தது. பழைய பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். கேஸ் அடுப்பை எழுந்து எழுந்து பார்க்கிறவன். திருமூர்த்தி மறதிக்காரன், அவனை நம்பக் கூடாது என்று எனக்கு நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். இன்னொரு கல்யாணம் என்று என் அம்மா பேச்செடுத்தபோதெல்லாம், என்னை நம்பி ஒரு உயிரை விடாதீர்கள் என்றுதான் சொன்னேன். நான் மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? எனக்கு ஐம்பத்துநான்கு வயது.

டீசல் தீர்த்ததற்கோ, ஸ்க்ரூவுக்கோ நான் கோபப்படவில்லை. இருபது வயதில் யாரும் செய்வதுதான். கேட்டைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றீர்களே, அதைக்கூட ஒரு பயந்த பையன் என்று நினைத்துக்கொள்ள முடிகிறது. என்னால் தாண்டிப் போக முடியாதது வேறு. ஆடி மாதம் நான் கிளம்பியபோது வீட்டில் ஒருத்தரும் வாசலுக்கு வரவில்லை. நீங்கள் மட்டும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்னூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தீர்கள். சன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். இந்த வீட்டில் என்மேல் பிரியம் வைத்தவர் ஒருவராவது இருக்கிறார் என்று சத்தியமங்கலம் போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டே போனேன். பிறகும் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

மன்னிப்பதா வேண்டாமா என்று நான் உட்கார்ந்து பேசுவதற்கு முன், இதை முதலில் கேட்க வேண்டியவள் இன்னும் கேட்கவில்லை. புவனாவிடம் சொல்லுங்கள். கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு மட்டும் எனக்கு எழுதுங்கள்.

திருமூர்த்தி


பீளமேடு,
24.12.2024

மச்சான் அவர்களுக்கு வணக்கம். நலமாக இருங்கள்.

சொல்லிவிட்டேன். நேற்று மதியம் அன்னூர் போனேன். அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் வைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து புதன்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் நிறுத்தவே இல்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

முடித்ததும் கேட்டாள். "கேட்டத் தெறந்து உட்டது நீதான?"

"ஆமாங்க்கா."

"தெறந்துபோட்டு எம்பட மொகத்தயே பாத்துட்டு நின்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அந்த வலியிலயும், அய்யோ இவன் நமக்காகப் பயந்துபோய் நிக்கறானேன்னு உன்னயப் பாத்து எனக்குப் பாவமா இருந்துச்சு."

பேப்பர்களை அடுக்கி ஒரு பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"எழுதிட்டனுங்க்கா."

"இத்தன வருசம் அவரு என்னன்னு நெனச்சுட்டு இருந்தாராம்?"

"ஞாயித்துக்கெழம ஃபில்டர் மாத்தறப்ப அவருதான் ஸ்க்ரூவ முறுக்காம உட்டுட்டாருன்னு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வாசனை வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன். அதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா தெரியவில்லை, சத்தமில்லை. தலைப்பை எடுக்காமலே, "ஒரு நாளு நானே அவரக் கேட்டன் சென்னி. 'வண்டியப் பாத்து வெக்க மாட்டீங்களா, உங்களுக்கு நானும் கொழந்தையும் அவ்வளவுதானா'ன்னு. அவரு தலையக் குனிஞ்சுட்டு நின்னாரு. குத்தம் செஞ்சவருன்னு முடிவு பண்ணிப்போட்டன். அதுக்கப்பறம் அவருகூடப் பேசவே இல்ல, அவரு போறவரைக்கும்" என்றாள்.

பிறகு, "நீ கெளம்பு" என்றாள். கிளம்பிவிட்டேன். கேட்டருகே வந்தபோது கூப்பிட்டாள். திரும்பினேன். "அவரு வெலாசத்த எழுதி வெச்சுட்டுப் போ." திருத்தாமல் கிடந்த ஒரு பேப்பரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஜீப்பை அதற்குப் பிறகு நான் கிளப்பவே இல்லை. மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

சென்னியப்பன்


அந்தியூர்,
27.1.2025

தம்பி சென்னிக்கு,

அக்கா எழுதுவது. எங்கிருந்து என்று மேலே பார்த்திருப்பாய். உன் மகள் நன்றாக இருக்கிறாளா? அவளைக் கேட்டேன் என்று சொல்.

பொங்கல் கழிந்து வந்தேன். சத்தி, கோபி என்று மூன்று பஸ் மாறி இங்கே இறங்கி, கடையை விசாரித்துப் போய் நின்றேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாம் தரம் கத்தியதும்தான் திரும்பினார். காது கேட்காது என்பது எனக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் கோத்துக்கொண்டு வந்ததையெல்லாம் தெருவில் நின்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. "பேசாமயே இருந்து உங்களயக் கொன்னுபோட்டனுங்க" என்று நான் கத்தியது எதிர்ப்பக்கம் டீக்கடை வரைக்கும் கேட்டது. அவர் எழுந்து வந்து, "உக்காருங்க புவனா, தண்ணி குடிங்க" என்றார். முன்பெல்லாம் என்னை வா, போ என்பார். அந்த 'ங்க'வில்தான் எனக்கு அழுகை வந்தது.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. குழந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பெற்றவள் கேட்கக் கூடாது என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி மயானத்தில் என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்று அவர் ஒரு துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, டாக்சியில் தன்னந்தனியாக இங்கே கொண்டுவந்திருக்கிறார். அவர் அம்மாவின் மஞ்சள் காட்டு வரப்போரம் வைத்திருக்கிறார். கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ கடை போடாமல் இந்த ஊரில் ஏன் உட்கார்ந்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. கூட்டிப்போய்க் காட்டினார். முறம் அகல இடம். அங்கே மட்டும் உழவு படாமல், மஞ்சள் நடாமல், புல்லைச் சுத்தமாகச் செதுக்கி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை செதுக்குவாராம். நான் உட்கார்ந்து மண்ணைத் தொட்டேன். பெண் குழந்தை என்று மட்டும் எனக்குத் தெரியும். தலை நிறைய முடி இருந்தது என்று அவர் சொன்னார்.

பள்ளிக்கு இரண்டு வாரம் லீவு எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அதை நீ கேட்காதே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வெறுக்கிறேன் என்றும் எழுத வரவில்லை. எட்டு வயது மூத்தவள், உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி இருபத்திரண்டு வருடம் முடிகிறது. இந்த வருடமும் வியாழக்கிழமைதான். காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் அங்கே இருப்போம். நீயும் வா. பஸ்ஸில் வா, அந்த வண்டியில் வராதே. மதியம் சாப்பிட்டுப் போகட்டும் என்று எழுதச் சொல்கிறார் அவர். அது அவர் சொல்வது.

நான் சொல்வது ஒன்றுதான். வந்து அந்த இடத்தைப் பார். மன்னிப்பு எதுவும் கேட்காதே, வாயே திறக்காதே. இத்தனை வருடம் பேசாமல் இருந்தவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பேசாமல் நிற்பது பெரிய காரியம் இல்லை.

அக்கா,
புவனா